ஏழு மாதமாக வலிப்பு இல்லை, மருந்தைக் குறைக்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவருக்கு 41 வயது, செம்பனை ஆலையில் வேலை. போன வருடம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேன் எடுத்ததில் மூளையின் முன்பக்கம் மெதுவாக வளரும் கட்டி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள், கொஞ்சம் உள்ளே இருக்கிறது. வலிப்பு வராமல் இருக்க லெவெடிராசிட்டாம் என்ற மாத்திரை, 500 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஏழு மாதமாக வலிப்பு இல்லை. ஆனால் ஆளே மாறிவிட்டார்: எந்நேரமும் அசதி, தட்டைத் தூக்கி எறிகிற கோபம். மாமியார், "நோய்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்த விஷம்" என்கிறாராம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் மூளையில் கட்டிதான், அவருக்கு வலிப்பு மருந்தே கொடுக்கவில்லையாம். தைப்பூசத்துக்குக் காவடி வேண்டுதல் வேறு இருக்கிறது. "நாமே பாதிப் பாதியாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாமா அக்கா? போன மாத மாத்திரையிலேயே 22 மிச்சம் இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. அரசாங்க மருந்தகக் கவுண்டரில் 31 வருடம் நின்றவள். அந்த அளவில் பேசுகிறேன்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கடைசி வரிதான். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 22 மாத்திரை பதினொரு நாள் மருந்து. நாள் தள்ளி முன்கூட்டியே வாங்கியதில் சேர்ந்த மிச்சம் என்றால் சரி. இல்லையென்றால், உங்களுக்குத் தெரியாமல் அவர் ஏற்கெனவே விட்டு விட்டுத்தான் சாப்பிடுகிறார். சண்டை போடாமல் கேளுங்கள். அப்படித்தான் என்றால், இன்றே கிளினிக்குக்குப் போன் செய்து எத்தனை நாள் விட்டார் என்று உள்ளதைச் சொல்லி, எப்படித் தொடர்வது என்று கேளுங்கள். இந்த மருந்தைப் பெரும்பாலும் பழைய அளவிலேயே தொடரச் சொல்வார்கள். எல்லா மருந்தும் அப்படி இல்லை. லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர் சில நாள் விட்டுவிட்டால், மறுபடியும் மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டி வரும். எடுத்த எடுப்பில் முழு அளவைப் போட்டால் உடம்பெல்லாம் கொப்புளிக்கிற அபாயம் உண்டு.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: நீங்களாகக் குறைக்க வேண்டாம். பாதிப் பாதியாகக்கூட வேண்டாம். ஆனால் அவர் கோபத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் நிஜம் இருக்கிறது. அதற்கு வழியும் இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் விஷயம். மூளையில் கட்டி உள்ள எல்லாருக்கும் வலிப்பு மருந்து தேவையில்லை. ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கு, முன்னெச்சரிக்கை என்று வருடக்கணக்கில் கொடுப்பதால் பலன் இல்லை என்பதே மருத்துவ உலகின் முடிவு. 2000-இல் அமெரிக்க நரம்பியல் கழகம் அப்படிச் சொன்னது. 2021-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூளைப் புற்றுநோய்ச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது. பெரியவருக்கு வலிப்பு வந்ததே இல்லை என்றால் டாக்டர் செய்தது சரி. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. கட்டி இருக்கும் மூளையில் ஒருமுறை வந்தால் மறுபடியும் வருகிற வாய்ப்பு அதிகம். அதனால் ஒரே ஒரு வலிப்பிலேயே அதை வலிப்பு நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். இருவருக்கும் நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம், கணக்கு வேறு.

இதில் பலரை ஏமாற்றுகிற ஒரு விஷயம் உண்டு. வேகமாக வளரும் கெட்ட கட்டியில்தான் வலிப்பு அதிகம் வரும் என்று நினைப்போம். நேர்மாறு. மெதுவாக வளரும் கிளையோமா என்ற வகை மூளைக் கட்டிகளில் பத்தில் ஆறு முதல் ஒன்பது பேருக்கு வலிப்பு வருகிறது. வேகமான வகையில் அதைவிடக் குறைவு. காரணம், வலிப்பு கிளம்புவது பெரும்பாலும் கட்டியைச் சுற்றியிருக்கும் மூளைத் திசுவிலிருந்து. மெதுவாக வளரும் கட்டி அந்தத் திசுவை வருடக்கணக்காக உறுத்தி, அதன் மின்சார ஓட்டத்தையே மாற்றி வைத்துவிடுகிறது. அறுவைக்குப் பிறகும் அந்தத் திசு அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்குக் கட்டியிலும் கொஞ்சம் மிச்சம். ஆகவே "கட்டியை எடுத்தாச்சு, மருந்து எதற்கு" என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

மாமியாருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம், ஏழு மாதமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. மழை நின்றுவிட்டது என்று தகரத்தைக் கழற்றுவோமா? கவுண்டரில் நான் அதிகம் கேட்ட வசனம் "இப்போ நல்லா இருக்கார், அதான் நிறுத்திட்டோம்" என்பதுதான். அதைச் சொன்னவர்களில் சிலரை இரண்டு வாரம் கழித்து அவசரப் பிரிவு வாசலில் பார்த்திருக்கிறேன்.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? இந்த மாத்திரை உடம்பில் நிற்கிற நேரம் குறைவு. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகிவிடும், அதனால்தான் காலையும் இரவும் கொடுக்கிறார்கள். ஒரு நாள் விட்டாலே அடக்கி வைத்தது தலைதூக்கலாம். அப்படித் திரும்பி வரும் வலிப்பு பழைய மாதிரி ஒன்றிரண்டு நிமிடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. விடாமல் தொடரும் வலிப்பில் உயிருக்கே ஆபத்து உண்டு.

இன்னொன்று. ஏழு மாதமாக வலிப்பே இல்லை என்பது நிச்சயமா? கீழே விழுந்து கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். பேச்சு நடுவில் நின்று போவது, ஒரு கை விரலோ வாயோரமோ தானாகத் துடிப்பது, இல்லாத நாற்றம் அடிப்பது, கூப்பிட்டாலும் காதில் விழாமல் அரை நிமிடம் வெறித்துப் பார்ப்பது, இவையும் வலிப்புதான். நீங்கள் கோபம் என்று சொல்கிற சில நேரங்களுக்கு முன்னால் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் போனில் படம் பிடியுங்கள். பத்து நிமிட விளக்கத்தைவிட முப்பது விநாடி வீடியோ டாக்டருக்கு உதவும்.

சரி, கோபம். லெவெடிராசிட்டாம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு எரிச்சல், ஆத்திரம், மனச்சோர்வு வருவது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. ஒரு பெண் என்னிடம், "குடிக்காமலே குடிச்சவர் மாதிரி இருக்கார் அக்கா" என்று அழுதிருக்கிறார். அதற்கு முன் 20 வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் குரலை உயர்த்தியதில்லையாம். அவர் புருஷன் மேலும் தப்பில்லை, அந்தப் பெண் மேலும் தப்பில்லை. ஆனால் மருந்துதான் காரணம் என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. கட்டி இருப்பது முன்பக்க மூளை, குணத்தை ஆளுகிற இடம். வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனும் தூக்கத்தைக் கெடுத்து ஆளை ஆட்டி வைக்கும். 41 வயதில் மூளையில் கட்டி என்று கேட்ட மனிதனுக்கு எரிச்சலே வரக்கூடாது என்றும் சொல்ல முடியாது, இல்லையா?

எப்போது தொடங்கியது என்பதுதான் துப்பு. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலா, அளவு ஏற்றிய பிறகா, அறுவைக்கு முன்பே இருந்ததா? தேதியோடு எழுதிக்கொண்டு போய், அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். "எல்லாம் ஓகே டாக்டர்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டு வெளியே வந்துவிடுவார், நம் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான். டாக்டர் அளவை மாற்றலாம். சிலர் வைட்டமின் பி6 சேர்த்துப் பார்ப்பார்கள், அதற்கு ஆதாரம் பலமில்லை, ஆனாலும் சிலருக்குக் கேட்கிறது. அப்படியும் சரிப்படவில்லை என்றால் லாக்கோசமைட், லாமோட்ரிஜின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். புதியதை ஏற்றிக்கொண்டே பழையதைப் படிப்படியாக இறக்குவார்கள், நடுவில் காவல் இல்லாத நாள் வராது. வீட்டில் நாமாகக் குறைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான். ஒன்று மட்டும்: அவர் "இருந்து என்ன பயன்" என்பது போலப் பேசத் தொடங்கினால், அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.

இத்தனை தொல்லை இருந்தும் ஏன் இதையே கொடுக்கிறார்கள் என்றால், இது மற்ற மருந்துகளோடு சண்டை போடாது. பழைய மருந்துகளான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் இரண்டும் கல்லீரலைத் தட்டி எழுப்பி, டெக்ஸாமெத்தசோனையும் சில புற்றுநோய் மருந்துகளையும் வேகமாகக் கரைத்துவிடும். கார்பமாசெபினுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் வட்டாரத்து மலாய்க்காரர், சீனர், இந்தியர்களில் சிலருக்கு இருக்கும் ஒரு மரபணுவால் அது தோலையே உரித்துவிடும், அதனால் தொடங்கும் முன் ரத்தம் சோதிப்பார்கள். வால்புரோயேட் ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கக்கூடும், டெமோசோலோமைட் என்ற புற்றுநோய் மாத்திரையோடு சேர்ந்தால் இரட்டை இடி. லெவெடிராசிட்டாம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. உங்கள் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

டெக்ஸாமெத்தசோன் என்றதும் ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது. டாக்டர் ஒரு பையனுக்கு அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். வீட்டில் அம்மா குறைத்ததோ வலிப்பு மருந்தை. இரண்டும் ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் பாக்கெட், மேலே மலாயில் 'மாக்கான் 1 பிஜி, 2 காலி செஹாரி' (ஒரு மாத்திரை, நாளைக்கு இரண்டு முறை) என்று ஒரே மாதிரி எழுத்து. அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. ஐந்தாம் நாள் பையனுக்கு வலிப்பு. அதிலிருந்து நான் தமிழ் ஆட்களுக்கு மருந்து கொடுத்தால் பாக்கெட்டில் பேனாவால் 'வலிப்பு, நிறுத்தக்கூடாது' என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன். நீங்களும் எழுதி ஒட்டுங்கள். இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள். டெக்ஸாமெத்தசோனையும் நீங்களாக வெட்டென்று நிறுத்தக்கூடாது, அது வேறு கதை.

ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் சாப்பிடட்டும். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். சாப்பிட்ட சில நிமிடத்தில் வாந்தி எடுத்து மாத்திரை முழுசாக வெளியே வந்துவிட்டால் மருந்தகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். மறு மாதம் வேறு நிறத்தில் மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம், கம்பெனி மாறியிருக்கும். பெயரும் மில்லிகிராமும் அதேதானா என்று மட்டும் பாருங்கள்.

டவுன் கிளினிக்கில் காய்ச்சல், இடுப்பு வலி என்று போகும்போது, வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர் என்று சொல்லச் சொல்லுங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரையும், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. சாராயம் கூடவே கூடாது, சம்சுவோ பீரோ எதுவானாலும். நாட்டு மருந்து, ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்து எதையும் டாக்டருக்கு மறைத்துக் கொடுக்காதீர்கள். சூடத்தை உள்ளுக்குக் கொடுக்கிற வைத்தியம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சூடம் வயிற்றுக்குள் போனால் நல்ல மூளைக்கே வலிப்பு வரும்.

டாக்டரைக் கேட்காமல் அடுத்த மாத்திரையைப் போடக்கூடாத நேரம் ஒன்றே ஒன்று உண்டு. புது மருந்து தொடங்கிய சில வாரங்களில் உடம்பில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல் சேர்ந்து வந்தால் மாத்திரைப் பாக்கெட்டோடு நேரே அவசரப் பிரிவு.

இத்தனை கவனமாக இருந்தும் வலிப்பு வரலாம். வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி. கையில் சாவிக்கொத்து, இரும்பு கொடுப்பதால் ஒரு பலனும் இல்லை. வாயில் கரண்டி வைத்தால் பல்தான் உடையும். தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ 999. தோட்டத்து உள்பாதைக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும், அதனால் யார் வீட்டில் காடி இருக்கிறது, ராத்திரி யாரை எழுப்புவது என்று இப்போதே பேசி வையுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள, வலிப்பை நிறுத்த ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயஸபாம் என்ற மருந்து தரலாமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம். வலிப்புக்குப் பிறகு ஒரு பக்கம் கை கால் தளர்ந்து கிடந்தால் கட்டி பெரிதாகிவிட்டது என்று அலற வேண்டாம். பல நேரம் அது சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும், ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் வலிப்பு திரும்பினால் மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள்.

வேலை. தூக்கம் கெடுவது வலிப்பைக் கூப்பிடுகிற பெரிய காரணங்களில் ஒன்று. ஆலையில் நைட் ஷிப்ட் என்றால் பகல் ஷிப்டுக்கு மாற்ற டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். ஏணி, கொதிகலன், ஓடுகிற இயந்திரம், கழிவுக்குளம் பக்கம் வேண்டாம். பழைய ஈயச் சுரங்கத்து (லம்பத்து) குட்டைக்குத் தனியாக மீன் பிடிக்கப் போவதும் வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். இதற்கு வீட்டில் பெரிய சண்டை வரும், தெரியும். வேலையே செய்ய முடியாமல் போனால் சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் செயலிழப்புப் பென்ஷன் இருக்கிறது, விசாரியுங்கள்.

மருந்து தீர்ந்து போவதுதான் பல நேரம் நிறுத்தத்துக்குக் காரணம், மனசு அல்ல. மாதா மாதம் ஈப்போ வரை பஸ் ஏற வேண்டியதில்லை. அங்கே பதிந்த மருந்தைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ள எஸ்.பி.யூ.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு. ஈப்போ மருந்தகக் கவுண்டரில் கேட்டுப் பதியுங்கள். கையில் ஒரு வார மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் வாழ்நாள் முழுக்கவா? சிலருக்கு இல்லை. தீங்கற்ற கட்டி முழுசாக எடுபட்டு, நீண்ட காலம் வலிப்பு இல்லாமல், ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் டாக்டரே பேச்சை எடுப்பார். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல இறக்குவார்கள். உங்கள் வீட்டுக்காரருக்குக் கட்டியில் மிச்சம் இருப்பதால் அந்தப் பேச்சு சீக்கிரம் வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

கடைசியாகக் காவடி. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு எத்தனையோ வருடம் நானும் பால் குடம் எடுத்தவள், அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனால் காவடி நாளில் வலிப்புக்குத் தேவையான எல்லாமே சேர்ந்துவிடும்: முதல் நாள் ராத்திரி தூக்கமில்லை, வெறும் வயிறு, வெயில், வியர்வை, பல மணி நேர நடை. புற்றுநோய் மாத்திரையோ டெக்ஸாமெத்தசோனோ சாப்பிடுகிறவர் என்றால் அலகு குத்துவதில் ரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் சேரும், அது நிச்சயமாக வேண்டாம். விரதத்தில் மாத்திரை சாப்பிடக்கூடாது என்று எந்தக் குருக்களும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மாத்திரையை வெறும் வயிற்றிலும் போடலாம், ஒரு மடக்குத் தண்ணீர் போதும். இந்த வருடம் அவருக்குப் பதிலாக நீங்கள் பால் குடம் எடுங்கள். அவர் முதல் நாள் ஒழுங்காகத் தூங்கி, காலையில் சாப்பிட்டு, கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் கூட நடக்கட்டும். நடக்கும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கூட்டத்தில் மாட்டி வீடு திரும்ப நேரமாகிவிடும், அதனால் இரவு மாத்திரையும் தண்ணீர்ப் போத்தலும் கூட வருகிற தம்பியின் பையில் இருக்கட்டும்.